நாலு முழ வண்டி

கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் இட்டேரி வளைகிற இடத்தில் முத்தாயம்மாள் இந்தப் பக்கத்துக் கிளுவை வேலிக்கும் எதிர் வேலிக்கும் நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்தாள். பிறகு அதைத் தன் முழங்கையில் வைத்து அளந்தாள். நாலு முழமும் இரண்டு விரலும் இருந்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் அளந்தாள். அப்போதும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. திருச்செங்கோட்டு ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு வருகிற அந்த இட்டேரித் தடத்தில் இதைவிடக் குறுகலான இடம் கிடையாது. மாட்டு வண்டி போனாலே அச்சாணி வேலியை உரசும்.

காரணம், ஈப்போவிலிருந்து முதல்நாள் வந்த கடிதம். அவள் புருஷன் கந்தப்பன் மலேயாவுக்குப் போய் ஒன்பது வருஷம். ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான். எதற்கும் தோது பார்க்கிற ஆள் அவன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்த்தான். இப்போது தோட்டத்துத் துரை சீமைக்குப் போகிறாராம், இரண்டு வண்டிகளை விற்கிறாராம். ஒன்று பெரிய லாரி. அதற்கு அங்கே வேலை ஓயாது, வாங்கினால் இன்னும் ஐந்து வருஷம் அங்கேதான். இன்னொன்று சின்னது. முன்னால் இரண்டு பேர் உட்காரக் கூண்டு, பின்னால் திறந்த பெட்டி. 'நம் ஊருக்கு இதுதான் தோது. பத்து மூட்டை கடலைக்காய் ஏறும். முன்னால் நீ உட்காரலாம். அகலம் நாலு முழம். இட்டேரியில் நுழையுமானால் எழுது, வாங்கிக்கொண்டு தை மாசம் கப்பலேறுகிறேன். நுழையாவிட்டால் பெரியதையே வாங்குகிறேன்' என்று எழுதியிருந்தான்.

கடிதத்தைப் படித்துக் காட்டியது கொழுந்தன் தங்கசாமி. அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவான்.

"அந்த எடத்த இன்னொருக்காப் படிங்க. காதுல செரியா உளுகல" என்றாள்.

"எந்த எடமுங்க நங்கை? கடலக்கா மூட்டைங்களா?"

"அதுக்கு அடுத்ததுங்க."

தங்கசாமி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு படித்தான். முன்னால் நீ உட்காரலாம். பெண்டாட்டியைப் பிரிந்து ஒன்பது வருஷம் இருந்தவன் முக்கால் பக்கத்துக்கு வண்டியின் அகலத்தையும் சக்கரத்தையும் எழுதிவிட்டு, அவளுக்கென்று வைத்தது அந்த மூன்று வார்த்தைதான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் தடத்தை அளந்துவிட்டு வந்து, "நாலு மொழத்துக்கு மேலயே இருக்குதுன்னு எழுதுங்க. வரச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கே கடிதம் தபாலுக்குப் போயிற்று.

நாலு நாள் கழித்து, சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கந்தப்பன் தன் கையாலேயே செய்த கயிற்றுக் கட்டில் அது. தன் முழத்துக்கு நாலு முழ நீளம் என்று சட்டத்தில் முழத்துக்கு ஒரு வெட்டு வைத்து அளந்துதான் மரத்தை அறுத்தான். உரித்து ஓய்ந்த கையை முதல் வெட்டில் முழங்கை வைத்து நீட்டினாள். அடுத்த வெட்டு அவள் நடுவிரலைத் தாண்டி நாலு விரல் தள்ளி இருந்தது. அவன் எழுதியது அவன் கை முழம். இவள் அளந்தது இவள் கை முழம். ஒன்பது வருஷத்தில் அவன் கையின் நீளம் தனக்கு மறந்து போயிற்றே என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

விடிந்ததும் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு இட்டேரிக்குப் போனாள். வளைவில் அதைக் குறுக்கே திருப்பினாள். இரண்டு பக்கமும் முள்ளில் சிக்கி நின்றது.

"ஏனுங்க நங்கை, கட்டலத் தூக்கீட்டு எங்கீங்க?" எதிரே வந்த தங்கசாமி கேட்டான்.

"லாரி ஓட்டறனுங்க. நுழைய மாட்டீங்குது."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப நுழையாதுன்னு இன்னொரு காயிதம் போட்டரலாமுங்க."

"போட்டா பெருசத்தானுங்க வாங்குவாரு. வேலிய நம்ம பக்கம் தள்ளி வெச்சுக்கலாமுங்க."

வேலிக்கால் ஒரு சாண் நகர்ந்தால் சேலம் கோர்ட்டு வரைக்கும் போகிற சனங்கள் அவர்கள். சொந்த மண்ணைத் தடத்துக்கு விட்டவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஊரில் சிரித்தார்கள். அவள் கடப்பாரையும் கையுமாக ரோட்டு முனையிலிருந்து களம் வரைக்கும் கிளுவையைப் பிடுங்கி, ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டாள். அந்த முழத்தைக் கட்டில் வெட்டைப் பார்த்து எடுத்தாள். ஐப்பசி மழையில் நட்ட குச்சியெல்லாம் துளிர்த்தது. தங்கசாமி ஒரு முனையைப் பிடிக்க, கட்டில் எங்கும் உரசாமல் குறுக்காகவே களம் வந்து சேர்ந்தது.

கார்த்திகையில் பதில் வந்தது. சின்ன வண்டியை வாங்கியாயிற்று, நீ உட்காருகிற பக்கத்துக்குப் புதுத் தோல் தைக்கக் கொடுத்திருக்கிறேன், தையில் கப்பல். அந்த மாசம் முடிவதற்குள் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கிவிட்டான் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் கடிதம் இல்லை. கப்பலும் இல்லை.

கிளுவை பொல்லாத செடி. ஒரு மழை பெய்தால் தடத்துக்குள் ஒரு சாண் கையை நீட்டிவிடும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் முத்தாயம்மாள் அரிவாளோடு இறங்கி நீட்டினதையெல்லாம் கழித்துவிடுகிறாள். பிறகு தங்கசாமியைக் கூப்பிடுவாள். அவன் வந்து கட்டிலின் மறுமுனையைப் பிடிப்பான்.

இந்த ஐப்பசியிலும் வந்தான். வளைவில் ஒரு முள் கட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

"தொடுதுங்களா?" என்றாள்.

"ஒரே ஒரு கொப்புதானுங்க."

கட்டிலை அங்கேயே இறக்கச் சொல்லி அந்தக் கொப்பை அறுத்தாள். பின்னால் கடலைக்காய் ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்துக் காத்து நின்றான். அவளுக்கு மூச்சு வாங்கியது. தடத்தின் நடுவே கிடந்த கட்டிலில், ரோட்டைப் பார்த்தபடி, ஓரமாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது.