கும்பகோணம் போயிடலாம்

சாமான் கட்டுகிறவர்கள் காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். நான்கு பேர். மடித்த அட்டைப்பெட்டிகளும் பபுள் ஷீட் சுருள்களும் டேப் உருளைகளும் அவர்களோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தன. நாகலக்ஷ்மி அவர்களுக்கென்று கூடுதலாக டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருந்தாள். முதல் வாய் காப்பி குடித்ததும் அவர்களில் மேஸ்திரி போலிருந்தவன், “யம்மா, காப்பி நல்லாருக்கு. இன்னைக்குப் பூரா எவ்வளவு கனம்னாலும் தூக்கிருவோம்” என்றான். தாராவிக்காரன், பெயர் வேல்ராஜ். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. மற்ற மூவரிடம் மட்டும் ஹிந்தியில் அதட்டினான்.

மாட்டுங்காவில் அந்த வீட்டுக்கு நாகலக்ஷ்மி வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. அக்கா பத்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு மாசம் ஒத்தாசைக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். நாலாம் மாசம் பத்மா போய்விட்டாள். அக்கா பிள்ளை ஸ்ரீவத்ஸனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் முழுப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாள். பிறகு பத்தாவது முடியட்டும் என்று இருந்தாள். அதற்கப்புறம் எது முடியட்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது. ஸ்ரீவத்ஸன் படித்து, கல்யாணம் செய்துகொண்டு, முலுண்டில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனான். வீட்டில் அவளும் அக்காவின் கணவர், அத்திம்பேர் சுந்தரராமனும் மிஞ்சினார்கள். அவர் முன் ரூமில், அவள் சமையலறையை ஒட்டிய சின்ன ரூமில். கல்யாணம் என்ற பேச்சு அவளுக்கு வந்ததுமில்லை, அவளாக எடுத்ததுமில்லை. கீழே வாட்ச்மேனும் காய்கறிக்காரனும் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். எந்த வகையில் ஆன்ட்டி என்று பம்பாயில் யாருக்குக் கவலை?

போன வருஷம் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாக முடிவானது. ஐந்து வருஷமாவது ஆகும் என்றார்கள். சுந்தரராமனுக்கு எழுபத்துநாலு. ஒருநாள் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, “அதுவரைக்கும் எவன் இருக்கப்போறான்? பேசாம கும்பகோணம் போயிடலாம். தம்பியாத்து மாடி காலியாத்தான் இருக்கு” என்றார்.

போயிடலாம் என்ற சொல்லில் நான் என்பதும் உண்டு, நாம் என்பதும் உண்டு. நாகலக்ஷ்மி நாம் என்று எடுத்துக்கொண்டாள். வேறு விதமாக எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தபோதே பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கடைசி நாளன்று கூட வேலை பார்த்த வந்தனா பச்சைப் பட்டுப்புடவை ஒன்றை இவள் கையில் வைத்து, இவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். “குளத்தங்கரைப் பக்கம் வீடு. கோவில் மணி மாடிக்குக் கேக்குமாம்” என்று இவள்தான் அவளைத் தேற்றினாள்.

பதினோரு மணிக்குள் ஹாலும் முன் ரூமும் பெட்டிகளாகிவிட்டன. சோபாவை பபுள் ஷீட்டால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கண்ணாடி அலமாரிக்கு மரச்சட்டம் அடித்தார்கள். ஒவ்வொன்றிலும் வேல்ராஜ் நம்பர் ஒட்டி, செல்போனில் டிக் அடித்துக்கொண்டே வந்தான். சமையலறைச் சாமானை மட்டும் நாகலக்ஷ்மி தானே கட்டுவதாகச் சொல்லியிருந்தாள். ஊறுகாய் ஜாடியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோதுதான், தன் ரூமை ஒருத்தரும் தொடவில்லை என்பதைக் கவனித்தாள்.

“வேல்ராஜ், இந்த ரூம் பாக்கியிருக்கே?”

“அது நம்ம லிஸ்ட்ல இல்லல்லாம்மா.”

“எப்படி இல்லாம இருக்கும்? அன்னிக்கு வந்தவர் எல்லாத்தையும் பாத்து எழுதிண்டு போனாரே.”

வேல்ராஜ் செல்போனைத் திருப்பிக் காட்டினான். “இங்க பாருங்க. கும்பகோணம், நாப்பத்தேழு உருப்படி. முலுண்டுக்குத் தனியா ஒரு டெம்போ, மத்தியானம் வரும். ஒரு பீரோ, ஒரு கட்டிலு, ஒரு தையல் மிஷினு. ஸ்ரீவத்ஸன் சார்தான் புக் பண்ணிருக்காக.” அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. “ஒங்ககிட்டச் சொல்லலையாம்மா?”

“சொன்னா. நான்தான் மறந்துட்டேன்” என்றாள் நாகலக்ஷ்மி.

கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துவிட்டு ஹாலுக்குப் போனாள். கட்டாமல் விட்டிருந்த ஒரே நாற்காலியில் சுந்தரராமன் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்திம்பேர், என் பீரோ முலுண்டுக்குப் போறதாமே?”

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தரம் மடித்தார்.

“வத்ஸன் உங்கிட்ட சொல்லலையா?”

“இல்லே.”

“சொல்றேன்னு சொன்னான்.” மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார். “அது சின்ன ஊர், நாகு. தெருவுல நடந்தாலே யாராத்துக்கு வந்திருக்கேள்னு கேப்பா. தம்பியாத்துல பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கா. கோமளா கேக்கறா, நாலு பேர் வந்து போற எடத்துல இவா எந்த முறையில இங்க இருக்கான்னு கேட்டா நாங்க என்ன சொல்றதுன்னு.”

கோமளா அவருடைய தம்பி மனைவி. நாகலக்ஷ்மி அவளை ஸ்ரீவத்ஸன் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

“இருபத்துநாலு வருஷமா இங்க எந்த முறையில இருந்தேன்?”

“இது பம்பாய்” என்றார் சுந்தரராமன்.

“கோமளா கேட்டபோது நீங்க என்ன சொன்னேள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார். நாகலக்ஷ்மி நின்றாள். ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி முடிக்கிற நேரம் நின்றிருப்பாள். கண்ணாடியை அவர் மறுபடி போட்டுக்கொண்டபோது அவள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

ஸ்ரீவத்ஸன் பன்னிரண்டு மணிக்கு வந்தான். அப்பாவை விமானத்தில் திருச்சி வரை கூட்டிப்போய், அங்கிருந்து காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. சமையலறை வாசலில் வந்து நின்றவன் அவள் முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“சித்தி, சொல்லணும் சொல்லணும்னு மூணு வாட்டி வந்தேன். ஒவ்வொரு வாட்டியும் நீ அந்த ஊரைப் பத்திச் சந்தோஷமாப் பேசிண்டிருந்தே. வாய் வரலை.”

“பரவாயில்லேடா.”

“எங்காத்துல உனக்கு ஒரு குறையும் வராது. குழந்தைகளோட ரூம்ல கட்டில் போட எடம் பண்ணிட்டோம். அவா ஸ்கூல் விட்டு வரச்சே ஆத்துல ஒருத்தர் இருந்தா எங்களுக்கும்…”

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் அம்மா போன அன்றைக்கு அவன் இதே வாசலில்தான் நின்றான். அவனிடம் கோபித்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

“நான் பரீட்சை முடியட்டும்னு இருந்தவடா” என்றாள். “எல்லாப் பரீட்சையும் முடிஞ்சாச்சு. நான் எங்கேயாவது இருந்துக்கறேன்.”

பின்கட்டு பால்கனிக்குப் போய் வந்தனாவைப் போனில் கூப்பிட்டாள். வந்தனா செம்பூரில் தனியாக இருந்தாள். மகள் வெளிநாட்டில். நாகலக்ஷ்மி பாதி சொல்வதற்குள் வந்தனா, “ஆ ஜா, வந்துவிடு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் போனை வைத்தாள். மத்தியானம் வரவேண்டிய டெம்போவை செம்பூருக்குத் திருப்ப முடியுமா என்று வேல்ராஜிடம் கேட்டாள். “அது ஒரு போன்ல முடிஞ்சிரும்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்றான் அவன். அவள் பீரோவை அவனே நின்று கட்டினான். மற்ற சாமான்களுக்கு ஒரு சுற்று என்றால் அதற்கு மூன்று சுற்று.

சமையலறைப் பெட்டிகளை அவள் பாதியில் விடவில்லை. ஃபில்டர், அடை வார்க்கும் கல், அவருக்கென்று பத்மா காலத்திலிருந்து இருக்கும் ஈயச்சொம்பு, எல்லாவற்றையும் துணி சுற்றி அடுக்கி, மேலே தடித்த பேனாவால் தமிழில் எழுதினாள்.

“நம்பர் ஒட்டியாச்சேம்மா, எழுத வேண்டாம்” என்றான் வேல்ராஜ்.

“அவருக்கு நம்பர் புரியாது. எதுல எது இருக்குன்னு தேடுவார்.”

மூன்று மணிக்கு லாரி புறப்பட்டது, பின்னாலேயே செம்பூர் டெம்போவும். நாலு மணிக்கு டாக்ஸி வந்தது. ஸ்ரீவத்ஸன் பைகளோடு முன்னால் இறங்கினான். நாகலக்ஷ்மி மருந்துப் பையை சுந்தரராமன் கையில் கொடுத்தாள். “காலம்பற வெள்ளை. சாப்பிட்டப்புறம் மஞ்சள். ரெண்டையும் சேத்துப் போட்டுக்காதேங்கோ.”

“நாகு” என்றார்.

“சொல்லுங்கோ.”

“நாகு” என்றார் மறுபடியும். அவள் காத்திருந்தாள். காலியான ஹாலில் அவர் பார்வை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“கேஸ் மூடியாச்சா?”

“மூடியாச்சு” என்றாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

செம்பூரில் வந்தனா வீட்டுப் பின்ரூமில் பீரோ சரியாகப் பொருந்தியது. ஐந்தாம் நாள் பதினோரு மணிக்குச் சுந்தரராமனிடமிருந்து போன் வந்தது. அவருக்குச் செல்போனில் காது சரியாகக் கேட்காது. தம்பி வீட்டு ஹால் போனிலிருந்து பேசினார். “ஃபில்டர் எதுல இருக்கு?”

“முப்பத்தொண்ணுல. மேல எழுதியிருக்கேன், பாருங்கோ.”

மறுநாள் ஈயச்சொம்பு. அதற்கு மறுநாள் ஊறுகாய் ஜாடி. தினம் பதினோரு மணிக்கு ஒரு சாமானைத் தேடினார். அவளும் பெட்டி எண்ணைச் சொன்னாள். பெட்டியின் மேல் அவள் கையெழுத்து பெரிதாக இருக்கும் என்பதும், அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரிந்ததுதான். ஒருநாள், “இங்க சாம்பார்ல வெல்லம் போடறா” என்றார். பின்னாலிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டதும், “சரி, வெச்சுடறேன்” என்றார்.

நாற்பத்தேழு உருப்படியும் பிரித்தாகிவிட்டது. போன் வாரத்துக்கு ஒன்றானது. தை பிறந்த பிறகு வரவே இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாகலக்ஷ்மி அந்த நம்பரைத் தானே அழைத்தாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

“யாரு பேசறது?”

கோமளாவாகத்தான் இருக்கவேண்டும். தான் பத்மாவோட தங்கை என்று சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் தன் பெயரை ஏற்கெனவே ஒருமுறை எடுத்துப் பேசி முடித்துவிட்டார்கள்.

“யாரு?” என்றது குரல் மறுபடி.

“பம்பாய்லேர்ந்து சாமான் அனுப்பின கம்பெனி, மாமி. எல்லாம் சரியா வந்து சேந்துதான்னு கேக்கத்தான்.”

“அதெல்லாம் வந்துடுத்தே, அப்பவே. ஒரு டம்ளர் கூட நசுங்கலை. எந்தப் பெட்டியில என்னன்னு எழுதி வேற வெச்சிருந்தேள்.”

“பெரியவர் இருக்காரா? அவர்கிட்ட ஒரு வார்த்தை…”

“கோவிலுக்குப் போயிருக்காரே. இப்பல்லாம் தானாவே நடந்து போயிட்டு வந்துடறார். ஏதாவது சொல்லணுமா?”

“வேண்டாம் மாமி. அவ்வளவுதான்.”

கட்டிலில் உட்கார்ந்தாள். நடந்து போகிறாராம், முழங்கால் வலியோடு. நன்றாகத்தான் இருக்கிறார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வந்தனா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன என்று கேட்காமல் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நாகலக்ஷ்மி அந்த நம்பருக்குப் பேசவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலைக்கு ஆள் போதவில்லை என்று தற்காலிகமாக அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் பழைய வீட்டுத் தெரு வழியாகத்தான் நடக்கவேண்டும். கட்டிடத்தைச் சுற்றிலும் நீலத் தகரம் அடித்து, உள்ளே மேலிருந்து மூன்றாம் மாடி வரை இடித்திருந்தார்கள். முதல் நாள் எதிர்ப்பக்கமாக நடந்தாள். மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, சுற்று வழியில் போகத் தொடங்கினாள்.