ஓட்டை அடைத்த பாட்டு

ஹெட்போனின் பஞ்சு உறை உதிர ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. கழற்றும்போதெல்லாம் காது மடலிலும் கன்னத்திலும் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் கண்ணாடி பார்க்காமலே நகத்தால் அவற்றைச் சுரண்டி மேசை விளிம்பில் துடைத்தாள். இந்த நாற்காலியில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வியர்வை, அவருக்கும் முன்னால் இருந்தவரின் தலையெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஊறிய பஞ்சு அது. புதிது வாங்கித் தரச் சொன்னால் முதலாளி, "கேக்கறது காதும்மா, பஞ்சு இல்ல" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவர் சிரிப்பு மதியச் சாப்பாடுவரை அவளுக்குள் குமட்டிக்கொண்டே இருக்கும்.

டயர் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ரப்பர் வாடைதான். அங்கிருந்துதான் துணிக்கடைகளுக்கும் பல் டாக்டர்களுக்கும் ஓட்டல் லிப்டுகளுக்கும் பாட்டு போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் மாதச் சந்தா கட்டிவிட்டால் போதும், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பாட்டு தானாக ஓடும். எதை ஓடவிடலாம், எதைத் தள்ளலாம் என்று சலித்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு அங்கே சல்லடை என்று பெயர். "நாள் பூரா பாட்டு கேக்கறதுக்குச் சம்பளமாம், குடுத்து வச்சவ" என்று அவள் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் அவள் தேட வேண்டியது நல்ல பாட்டை அல்ல. நல்ல பாட்டு கடைக்கு ஆகாது. சட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பவன் சட்டென்று கையை நிறுத்தி, அட, இது என்ன பாட்டு என்று தலையைத் தூக்கினால் அந்தப் பாட்டு தோற்றது. காதில் விழ வேண்டும், மனசில் விழக் கூடாது. அப்படிப்பட்ட பாட்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. முதல் நாலு வரியிலேயே தெரிந்துவிடும். சரி, தள்ளு, சரி, தள்ளு என்று இரண்டு பொத்தான்களில் விரல் மாறி மாறிப் போகும். எந்தப் பாட்டையும் அவள் முடிவுவரை கேட்டதில்லை. காது புளித்துப் போனதுகூடப் பரவாயில்லை, முகம் அல்லவா கெட்டுப்போனது. எங்கே பாட்டு கேட்டாலும், கல்யாண வீடோ பக்கத்து வீட்டு டிவியோ, அவள் மூக்கும் மேலுதடும் தாமாகச் சுருங்கி மேலேறும். ஊசிப்போனதை வாயில் வைத்துவிட்டவள் முகம்.

அந்த முகத்தை அதிகம் பார்த்தவள் மகள்தான். பதினைந்து வயது. நன்றாகப் பாடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வீட்டில் அவள் பாடுவது குளியலறையில் மட்டும், அதுவும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு. தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு தடவை கதவைத் தட்டியதற்கு, "நீ கேக்கக் கூடாதுன்னுதான்மா திறந்திருக்கேன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சல்லடையின் கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். வீட்டிலிருக்கும் இரண்டே பேரில் ஒருத்தி பாட, இன்னொருத்திக்குக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

கட்டில், மெத்தை, சோபா விற்கும் பெரிய கடை ஒன்றிலிருந்து கேட்டிருந்தார்கள், பிரெஞ்சுப் பாட்டு வேண்டுமென்று. கேட்டால் ஒரு மதிப்பு வருமாம். முதலாளி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"புதுசா பாடறவங்க பாட்டா எடுங்க. பழசு எல்லாக் காபிக் கடையிலும் ஓடுது. ஆனா அந்தத் துருத்திப் பெட்டி, அக்கார்டியன், அது இருக்கணும், பாத்துக்குங்க. அது இல்லாம என்ன பிரெஞ்சு?"

அவள் கேட்க ஆரம்பித்தாள். இப்போது பாடுகிறவர்கள் யாரும் அக்கார்டியனைச் சீண்டுவதே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அது இருந்ததெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கென்று செய்த பாட்டுகள், மேலே பொடி தூவிய பண்டம் மாதிரி. மற்றபடி கிடைத்தது வேறு உலகம். பெல்ஜியத்துப் பையன் ஒருவன் டிஸ்கோ தாளத்தைப் போட்டுவிட்டு அதன்மேல் அழுதுகொண்டிருந்தான். ஆடுகிறவர்களுக்கு அவன் அழுவது தெரியாது. கனடாவிலிருந்து ஒருத்தி கிதாரை வைத்துக்கொண்டு மூக்கால் பாடினாள், பெரிய குடும்பத்துச் சண்டையை நமக்கு விவரித்துச் சொல்கிறவள்போல. ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ராப் பாடினார்கள். தகரக் கொட்டகையில் கல் விழுவதுபோல் சொற்கள் விழுந்தன, நடுவில் யாரோ ஒரு பெரியம்மா தாலாட்டுவதுபோல் கோரஸ் வந்தது. சிலர் பாடவே இல்லை, காதருகே வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அந்த முணுமுணுப்புக்காரர்களைத்தான் அவள் கடைக்கென்று எடுத்து வைத்தாள். மெத்தைக்குப் பொருத்தம். மற்றவர்களைத் தள்ளினாள். தள்ளும்போதெல்லாம் வாயில் ஏதோ கசந்தது.

ஒருத்தி மட்டும் வசமாக மாட்டிக்கொண்டாள். தெரியாத பெயர், படத்தில் குட்டை முடி, சோர்ந்த கண். மேளம்கூடக் கிடையாது, யாரோ மேசையை விரலால் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். குரல் ஒன்றும் தேன் அல்ல, கொஞ்சம் கட்டைதான். பாட்டு நடுவில் சட்டென்று நின்றது. தட்டும் விரலும் நின்றது. ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் மக்கர் செய்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். அப்புறம் அந்த நிசப்தத்துக்குள் ஒரு சின்னச் சத்தம். பாடகி எச்சில் விழுங்கினாள். விழுங்கிவிட்டு மறுபடி பாடினாள். பாட்டு முடிந்த பிறகுதான் சல்லடைக்கு உறைத்தது, தான் முடிவுவரை கேட்டுவிட்டோம் என்று. எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அணைந்த திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். மூக்கும் உதடும் இருந்த இடத்தில் இருந்தன.

அர்த்தத்தைப் போனில் போட்டுப் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒருத்தி சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துவிட்டு வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எல்லாரும் வந்து உட்காருகிறார்கள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் பாட்டு நிற்கிறது.

அன்றிலிருந்து துணி காயப்போடும்போது, பஸ்ஸில் போகும்போது, காய் நறுக்கும்போது அதையே கேட்டாள். ஒருமுறைகூட முகம் சுருங்கவில்லை. அவளுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்க வேண்டும். பாட்டுகூட முக்கியமில்லை. பாட்டு கேட்கும் அம்மாவின் முகம் இப்படியும் இருக்கும் என்று அந்தப் பெண் ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் குழாயை மூடிவிடுவாள். ஆனால் மகளுக்குப் பரீட்சை, பிறகு சளி, பிறகு என்னவோ மனஸ்தாபம். நல்ல நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று இவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அத்தனை முறையும் போனில் ஆபீஸ் கணக்கைத் திறந்தே கேட்டாள். சரி என்றோ தள்ளு என்றோ அழுத்தாமல் ஒரு பாட்டை முழுக்கக் கேட்டால் அது தேறியது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். முதலாளியே கேட்டுச் செய்ய வைத்த ஏற்பாடு. அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் முழுக்கக் கேட்டதில்லையாதலால் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பாட்டுகளை வெட்டி ஒட்டுகிறவருக்கு அங்கே கொத்தனார் என்று பெயர். ஓட்டை அடைப்பதில் மன்னன். பாட்டுக்கு நடுவே இம்மி அமைதி வந்தாலும் கடைக்கு வந்தவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவான் என்பது முதலாளியின் சித்தாந்தம். அதனால் எங்கெல்லாம் பாட்டு மூச்சு வாங்குகிறதோ அங்கெல்லாம் மணிச் சத்தமோ பியானோ துளியோ வைத்துப் பூசிவிட வேண்டும். ஒரு நாள் மதியம் கொத்தனார் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். அவர் விரலில் சாப்பிட்ட எண்ணெய் மினுமினுத்தது.

"அக்கா, நீங்க அத்தனை தடவை ஓகே பண்ணீங்களே, அந்த மேசை தட்டுற பாட்டு. என்னா ஓட்டைக்கா அது! உள்ள ஏதோ எச்சி முழுங்கற சத்தம் வேற, சீ. சுத்தமா எடுத்துப் போன மாசமே கடைக்கு அனுப்பிட்டேன். இப்ப எங்க இருந்துச்சுன்னு நீங்களே தேடணும்."

அந்த எண்ணெய் விரலாலேயே ஓடவிட்டார். மேசைத் தட்டல் இருந்த இடத்தில் ஒரு மெத்துமெத்தென்ற தாளம் இருந்தது. பின்னால், முதலாளி ஆசைப்பட்டபடியே, அக்கார்டியன் இழைந்துகொண்டிருந்தது. கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடிக்குமுன் கிணிங் கிணிங்கென்று மணிகள் வந்து விழுந்தன, சாவி கொடுத்த பொம்மைப் பெட்டியைத் திறந்தாற்போல. சல்லடை எழுந்துவிட்டாள். கழிவறைக்குப் போய்க் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை, வாய் மட்டும் ஊறியது.

முதலாளியிடம் போனாள்.

"அந்தப் பாட்டை எடுத்துருங்க சார்."

"எதுக்கும்மா? அதுதான் கடையில ஓடறதுலயே டாப்பு. ஜனங்க கட்டில்ல படுத்தா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்களாம்."

"அவ சாப்பிடக் கூப்பிடறா சார். கடைசி ஆள் வரல. அவ காத்துக்கிட்டிருக்கற இடம் அது. அங்கதான் மணி அடிச்சு வச்சிருக்காரு."

முதலாளி உள்ளங்கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றே அவளுக்குப் பட்டது. புரிந்தும் அவர் இப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"பாவம்தான். ஆனா மெத்தை வாங்க வர்றவனுக்கு அது எதுக்கும்மா?" மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மெத்தைக் கூப்பனை நீட்டினார். "இந்தாங்க. கடைக்காரர் குடுத்தது. உங்க பாட்டுக்குப் பரிசு."

அவர் முகத்திலேயே விட்டெறிந்திருக்க வேண்டும். மகளின் மெத்தை நடுவில் குழிவிழுந்து, அந்தப் பெண் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவது ஞாபகம் வந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்காகத் தன்மேல் வந்த அருவருப்பை யார்மேல் துப்புவது என்று தெரியாமல் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். மெத்தைகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தன, முந்தைய ஆட்களின் செருப்புத் தடம் உறைமேல் அப்பியிருந்தது. டை கட்டிய விற்பனையாளர் கையைக் குவித்துக்கொண்டு கூடவே வந்தார்.

"படுத்துப் பாருங்க மேடம். பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். படுத்தாத்தான் தெரியும்."

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் அருகருகே படுத்து மேலே பார்த்தார்கள். கூரையில் துளைத்துளையாக ஒலிபெருக்கிகள். முணுமுணுப்புக்காரன் ஒருவன் முடிந்தான். அடுத்தது அது.

சல்லடை கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்துவிடலாமா என்று நினைத்தாள். அப்போது பக்கத்தில் மகள் மெல்லப் பாட ஆரம்பித்தாள்.

முதலில் நம்ப முடியவில்லை. முணுமுணுப்பல்ல, பாட்டு. வார்த்தை தெரியாமல் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆனால் சுருதி இம்மி பிசகாமல்.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும். இந்தக் கடையோட பாட்டு. போன்ல இருக்கு." மகள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா. அதுவும் நடுவுல மணி வரும் பாரு, அங்கதான் அழகே. இரு, இப்ப வரும்."

மறுபடி பாடினாள். குழாய் இல்லை, கதவு இல்லை, பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் அந்தக் குரல். எத்தனை நாள் ஏங்கிய குரல். கொஞ்சம் கட்டைக் குரல்தான் அதுவும். அதன்மேல் அக்கார்டியன் ஈரத் துணிபோல் வழிந்துகொண்டிருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் பெயருக்கு இன்னும் ஒரு வரிதான். தன் மூக்கு சுருங்கத் தொடங்குவதும் மேலுதடு ஏறுவதும் அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. மகள் பாடிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்புவது பிளாஸ்டிக் சரசரப்பில் கேட்டது.

சல்லடை தலைமாட்டிலிருந்த தலையணையை இழுத்து முகத்தின்மேல் போட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"மேடம், தலையணை அதுக்கு இல்ல மேடம்" என்றார் விற்பனையாளர்.

"விடுங்க, எங்கம்மா ரசிச்சுக் கேக்கறாங்க" என்றாள் மகள். சிரித்தாள். பாட்டை விட்ட இடத்தில் பிடித்து, மணி வரும் இடத்தில் கிணிங் கிணிங்கென்று தானும் சேர்ந்துகொண்டாள். தலையணை உறையின் பிளாஸ்டிக் அவள் அம்மாவின் மூச்சுக்குத் தக்க முகத்தில் ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தது.