பக்கத்து அலை

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கணவர் சஜீத் கந்தளாயில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது, நான் சாப்பாட்டு மேசையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, என் அலை அழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருடக்கணக்காக நான் ஆராய்ந்தது ஒரே கேள்வியைத்தான். ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் அலைத்தொடரைக் கொஞ்சம் குலைத்துவிட்டால், அது பழைய வடிவத்துக்கு வருமா, சிதறிப்போகுமா? வரும் என்று நிறுவியிருந்தேன். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் என் வேலை நிரந்தரமாகும். அந்த நம்பிக்கையில்தான் அவர் வேலையை விட்டார். கிழமை நாட்களில் அவர் கந்தளாயில், சனி ஞாயிறு மட்டும் ஓர்ஸ் ஹில்லில் இந்த வீட்டில் என்னோடு என்ற சீவியம் எங்கள் இருவருக்கும் அலுத்துவிட்டது.

கணக்கில் ஒரு வரிகூடப் பிழையில்லை. ஆனால் எல்லா அலைகளும் ஒரேமாதிரித்தான் குலையும் என்று வைத்துக்கொண்டு, ஓர் அலையை மட்டும் வெட்டியெடுத்துச் சோதித்திருந்தேன். அப்படிக் குலைத்தால் அது சமர்த்தாகத் திரும்பி வருகிறது. இன்று காலை, சும்மா, இரண்டு அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இம்மியளவு உயர்த்தி மற்றதைத் தாழ்த்திப் பார்த்தேன். உயர்ந்தது உயர்ந்துகொண்டே போனது. மற்றது தேய்ந்துகொண்டே வந்தது. தினமும் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள் நான். எந்த அலை தனியாக வருகிறது? கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன். என் மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“என்ன புள்ள, முகம் இப்பிடிக் கிடக்கு? உம்மாக்கிட்டயும் சொல்லிட்டன். அவவுக்குக் கால் தரையில நிக்குதில்ல.”

“ராஜினாமா எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“ஓம். இனி பஸ்ஸும் இல்ல, தூசியும் இல்ல.”

மறைத்துக் கொடுத்துவிடலாம். ஆய்வேட்டைப் பார்க்கும் பரீட்சகர் கேட்காமலும் விடலாம். அந்த நினைப்பு வந்ததே வெட்கமாக இருந்தது. கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

“இதப் பாருங்க. தனிய இருந்தா நிக்குது. பக்கத்துல இன்னொண்டு வந்தா நிக்க ஏலாது. நான் எழுதினது பிழை.”

“அப்ப திங்கக்கிழமை?”

“குடுக்க ஏலாது.”

அவர் தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“முதல்ல இருந்து ஒருக்கா ஓட விடு.”

விட்டேன். இரண்டு அலைகளும் சமமாக நின்றன, பிறகு ஒன்று எழுந்தது. குசினியில் தேத்தண்ணி கொதிக்கும் சத்தம் கேட்டும் நான் எழவில்லை. திரையில் மற்றது வெறும் கோடாகிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் விடு புள்ள,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சில நேரம் திரும்பி வரும்.”