தூக்கம் தனியே வீடு திரும்பிய காலம்

ஓய்வு நேரத்தைக் குறைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான வாரத்திலிருந்து, அந்த விமானக் கம்பெனி விமானிகளின் தூக்கம் அவர்களோடு வீட்டுக்கு வராமல் அரை நாள் பிந்தித் தனியாக வர ஆரம்பித்தது. பெட்டிகள் பிந்தி வருவதைப் பார்த்துப் பழகிய விமான நிலையத்துக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கம் வந்து சேரும் நேரத்தில் விமானி குளித்து, சாப்பிட்டு, கொட்டக் கொட்ட விழித்தபடியே அடுத்த பயணத்துக்குக் கிளம்பிப் போயிருப்பார். வந்த தூக்கம் சும்மா திரும்பாது. வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்மேல் சாய்ந்துகொள்ளும்.

அந்த விமானிகளில் ஒருவரான கேப்டனம்மாவின் கணவர் பல் டாக்டர். வீட்டின் கீழ்த்தளத்தில்தான் கிளினிக். மனைவியின் தூக்கம், துவைத்து உலர்த்திய போர்வையின் வாசனையோடு உள்ளே வந்து, முதலில் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரைச் சாய்த்தது, பிறகு டாக்டரையும் சாய்த்தது. ஊசி போடாமலே வலி தெரியாமல் பார்க்கிறார் என்று பேர் பரவி வாசலில் கூட்டம் அலைமோதியது. பிடுங்க வேண்டிய கையும் சேர்ந்து தூங்கிவிட்டதால் பாதிப் பேர் பழைய பல்லோடே நிம்மதியாக வீடு திரும்பினார்கள். பக்கத்துக் குடியிருப்பில் தனியாக இருந்த துணை விமானியின் தூக்கமோ, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு லிஃப்டிலேயே தங்கிவிட்டது. ஏறியவர்கள் குறட்டை விட்டபடி மேலும் கீழும் போய்வந்தார்கள்.

"ஏங்க, என் தூக்கத்தை நீங்க தூங்கி என்ன பிரயோஜனம்?" என்று கேப்டனம்மா போனில் அலுத்துக்கொள்வார்.

"கனவெல்லாம் கூட உன்னோடதுதான் வருது," என்பார் டாக்டர். "இறங்க இடம் கிடைக்காம சுத்திக்கிட்டே இருக்கேன்."

ஒரு நாள் காலை, நல்ல வெயிலில் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தபோது கேப்டனம்மாவுக்கு ஓடுபாதை இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானியிடம், "உனக்கு எத்தனை தெரியுது?" என்று கேட்டார்.

"ரெண்டு, மேடம். நீங்க எதுல இறக்கப் போறீங்கன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

கேப்டனம்மா மறுபேச்சில்லாமல் விமானத்தை மேலே தூக்கினார். துணை விமானியை முகத்தில் தண்ணீரடித்துக்கொள்ளச் சொன்னார், தானும் அடித்துக்கொண்டார், ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இருவருக்கும் ஒரே பாதை தெரிந்த பிறகுதான் இறக்கினார். பயணிகள் வழக்கம்போல் முண்டியடித்து இறங்கிப் போனார்கள். கடைசிப் பயணி இறங்கும்வரை அவர் இருக்கையை விட்டு எழவில்லை. எழுந்தபோது மனதில் முடிவாகியிருந்தது: எல்லாக் கம்பெனி விமானிகளுக்கும் பொதுவாக இருந்து இந்த ஓய்வை விட்டுக்கொடுத்த தேசிய சங்கத்தை விட்டு விலக வேண்டும், தங்கள் கம்பெனி விமானிகளுக்கென்று சொந்தச் சங்கம் வேண்டும்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. தேசிய சங்கத்தின் தலைவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே.

பேச்சு மாதக்கணக்கில் நீண்டது. ஓய்வறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஒரே விமானத்தை ஓட்டிய இருவர், ஓட்டத் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசிக்கொண்டு நாட்டைக் கடந்தார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மீசைக்காரர் என்று பேரெடுத்த ஒரு விமானி. "என்னை வேலையை விட்டுத் தூக்கினப்போ, முகம் தெரியாத கம்பெனிக்காரங்கல்லாம் எனக்காகத் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு, விமானம் ஓட்ட மாட்டோம்னு உக்காந்தாங்க. தனியாப் போயிட்டா நாளைக்கு நமக்கு யாரும்மா கழட்டி வைப்பா?" என்று அவர் கேட்டார். கேப்டனம்மா அதை அப்படியே குறித்துவைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு ஞாயிறு மதியம், பயிற்சி மையத்தின் பெரிய ஹாலில் பொதுக்குழு கூடியது. வேலை முறைகளை மாற்றிக்கொண்டு ஏறக்குறைய எல்லா விமானிகளும் வந்துவிட்டார்கள். வீட்டில் விட்டால் தூங்கிவிடுகிறார்கள் என்று குடும்பங்களையும் கூட்டி வந்திருந்தார்கள். அண்ணன் மேடையேறினார். ஓய்வை விட்டுக்கொடுத்தது ஏன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: மூடும் நிலையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியைப் பணம் கொடுத்துக் காப்பாற்ற, இந்தக் கம்பெனி அதைத்தான் விலையாகக் கேட்டது. அந்த விமானிகளின் குடும்பங்கள் இன்று சாப்பிடுகின்றன.

கேப்டனம்மா எழுந்தார். "அதைத் தப்புன்னு சொல்லலண்ணா. எங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்க, பாப்பா."

விமானத்தை இறக்கும் கேப்டனைச் சபையறியப் பாப்பா என்று கூப்பிட்டதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. ஹால் அப்படி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் தூக்கம் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, எல்லாருடைய தூக்கமும் ஒன்றாகத் தேடிக்கொண்டு வந்து, நான்கு கதவு வழியாகவும் உள்ளே நுழைந்தது. அத்தனை மாதத்தில் முதல்முறையாக உரியவர்கள் கையில் கிடைத்தார்கள். முன்வரிசை சரிந்தது, பின்வரிசை சரிந்தது, அண்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடியே மேடையில் உட்கார்ந்து, பிறகு படுத்தார். கூட்டத்தைக் கலைத்து ஆட்களை வேலைக்கு அனுப்ப ஓடிவந்த கம்பெனி மேலாளர், வாசற்படி தாண்டியதும் டையைத் தளர்த்திக்கொண்டு மீசைக்காரரின் தோளில் சாய்ந்தார். அன்று மாலை அந்தக் கம்பெனியின் ஒரு விமானமும் எழவில்லை. வானம் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு எல்லாரும் கண் விழித்தார்கள். முகங்களில் கோபத்தைக் காணோம், தெளிவு மட்டும் இருந்தது. அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "கேட்டிருக்கணும். நான் கேட்டிருக்கணும்," என்றார். அதற்குமேல் வாதம் நடக்கவில்லை. கைதூக்கச் சொன்னதும் பெரும்பாலான கைகள் புதுச் சங்கத்துக்கே உயர்ந்தன. மீசைக்காரர் கையைத் தூக்காமல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: நாட்டில் எந்த விமானிக்கு அநியாயம் நடந்தாலும் இந்தச் சங்கம் தொப்பியைக் கழற்றி வைக்க வேண்டும். கேப்டனம்மா ஓடிப்போய் முதலில் அதற்குக் கைதூக்கினார். பிறகு மீசைக்காரரும் புதுச் சங்கத்துக்குக் கைதூக்கினார். நன்றாகத் தூங்கி எழுந்த மேலாளர், இந்த நிலைமையில் பழைய ஓய்வு நேரத்தை மறுப்பது மனிதத்தன்மையாகாது என்று அந்த வாரமே கையெழுத்திட்டார்.

அண்ணன் கொஞ்ச காலம் தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் வருடம், அவர் காப்பாற்றிய சின்னக் கம்பெனியில் சம்பளம் நின்றபோது புதுச் சங்கத்தார் தொப்பியைக் கழற்றி வைத்தார்கள், ஒரே வாரத்தில் சம்பளம் வந்தது. அந்த ஞாயிறு அவர் பல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பல் எல்லாம் முத்து மாதிரி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மச்சான் என்றார்.

இப்போது விமானிகளின் தூக்கம் அவர்களோடேயே வந்து இறங்குகிறது. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேன் டிரைவர், கடைசி விமானி ஏறி உட்கார்ந்த பிறகும் கதவை உடனே சாத்துவதில்லை. "எல்லாம் ஏறியாச்சா?" என்று காலியான படியைப் பார்த்துக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து, ஏறியாகிவிட்டது என்று தெரிந்ததும் சாத்திவிட்டுக் கிளம்புகிறார்.