கட்டைவிரல் பொத்தான்

நாலு வருஷம் கல்யாணங்களில் லைட் பிடித்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால், கை கடுக்கக் கடுக்க. பதுளையில் எங்கள் ஸ்டூடியோவின் முதலாளி தினேஸ் அண்ணனுக்கு நான் லைட் பிடிக்கிற புள்ள, அவ்வளவுதான். கெமரா பழகியதெல்லாம் அவர் சாப்பிடப் போன நேரங்களில்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீடு சரோஜினி அத்தை வீடு. மகள் சுலோஜனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அத்தை ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார்.

"தாலி கட்டுறத லக்ஷிகாதான் எடுக்கணுங்க. நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள."

"அதுக்கென்னங்கக்கா, எடுக்கட்டும்" என்று இளித்தார் தினேஸ் அண்ணன். அத்தை படியிறங்கியதும் முகம் மாறியது. "சரியா வந்தா இனிமே மெயின் கெமரா ஒனக்கு. சொதப்புனா கடைசி வரைக்கும் லைட்டுதான்."

அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டும் நேரம் எப்போதும் ஒரே தள்ளுமுள்ளாக இருக்கும். அட்சதை போட நீளும் கைகள், குறுக்கே நுழையும் மாமன்மார். சாதாரணமாகப் படமெடுக்கும் பொத்தானிலேயே போக்கஸும் இருக்கும். குறுக்கே ஒரு கை வந்தால் கெமரா அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும், பெண்ணின் முகம் கலங்கிவிடும். அதனால் போக்கஸை அதிலிருந்து கழற்றி, கெமராவின் பின்பக்கம் கட்டைவிரல் படுகிற பொத்தானுக்கு மாற்றிவைத்தேன். கட்டைவிரலால் ஒருதரம் முகத்தைப் பிடித்து விட்டால் போதும். அப்புறம் எவன் கை குறுக்கே வந்தாலும் போக்கஸ் அசையாது.

காலையிலேயே அண்ணனிடமும் சொன்னேன். "அண்ணே, போக்கஸ் இப்ப பின்னால பொத்தான்ல. முன்னால அமுக்குனா படம் மட்டுந்தான் விழும்."

"இருவது வருஷமா கெமரா புடிக்கிறேன். எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

முகூர்த்தம் நெருங்கியது. பத்தடி தள்ளி நின்று, சுலோஜனாவின் முகத்தைப் பிடித்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போது பார்த்துத் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரை வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். தினேஸ் அண்ணனுக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வந்ததோ, என் கழுத்திலிருந்து கெமராவை உருவிக்கொண்டு லைட்டைக் கையில் திணித்தார்.

"தொரை பாக்குறாரு. நீ பின்னால போ."

"அண்ணே, அந்தப் பொத்தான்..."

"வாய மூடிக்கிட்டுப் போ."

போனேன். கெமராவை விட்டுக்கொடுத்த என் மேல்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். மேளம் கொட்டியது. அண்ணன் மணமக்களுக்கு அஞ்சடி கிட்டத்தில் போய் நின்று, தொரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சடசடவென்று எடுத்தார். அவர் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது என்று தெரிந்தே, மணமக்களுக்குப் பின்னால் லைட்டோடு நின்றேன்.

சாயந்தரம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். தாலி கட்டிய படங்கள் நாற்பது. நாற்பதிலும் மணமக்கள் கலங்கல். நான் பத்தடிக்கு வைத்த போக்கஸ் அப்படியே இருந்திருக்கிறது. அண்ணன் எல்லாவற்றையும் மறுபடி ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு, "சொதப்பிட்டியேடி" என்றார், கூசாமல்.

மூன்றாம் நாள் அத்தை படம் பார்க்க வந்தார். "நம்ம புள்ளன்னு நம்புனீங்க. பாருங்க, கெடுத்து வச்சிருக்கா" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படத்தைப் பெரிதாக்கித் திரையை அத்தை பக்கம் திருப்பினேன். தாலி ஏறுகிற நேரம். சுலோஜனாவின் முகமும் மாப்பிள்ளையின் கைகளும் பனிமூட்டத்தில் நிற்பது போல இருந்தன. அவர்களுக்குப் பின்னால், கெமராவிலிருந்து சரியாகப் பத்தடியில், நான் மட்டும் துல்லியம். பொட்டு, கலைந்த முடி, கையில் லைட்.

"நல்லா பாருங்கத்தை. லைட்டோட அங்க நிக்கிறது நான். அப்ப இந்தப் படத்த எடுத்தது யாரு?"

அண்ணன் மேசையில் எதையோ தேட ஆரம்பித்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரையில் மகளின் முகம் இருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் ஒருதரம் துடைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம் மக மூஞ்சி தெரியல. ஒன் மூஞ்சி மட்டும் இவ்வளவு நல்லா தெரியுதே. கல்யாணம் அவளுக்கா, ஒனக்கா?"