கேப்டனின் ஹெல்மெட்

சம்பத்துக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. ஹெல்மெட் வாங்கியபோது அந்த முடியோடு சேர்த்துத்தான் அளவு பார்த்து, பெரிய சைஸாக வாங்கினான். மாநில அணியில் ஆடும் முதல் மேட்சுக்கு முந்தின நாள், திருமலைக்குப் போய் அந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தான். மகன் அணியில் இடம் பிடித்தால் மொட்டை போடுவதாக அவன் அம்மா ரத்தினம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது அம்மா, போனது மகனின் முடி. தாய்மார்களின் வேண்டுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஹெல்மெட்டைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. அவன் சுழற்பந்து போடுகிறவன், மட்டை பிடிப்பது பத்தாவதாக. சத்தியவேட்டிலிருந்து வந்து முதல் மேட்ச் ஆடுகிறவனுக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இல்லாமலா போகும்?

இரண்டாம் நாள் சாயங்காலம், திருப்பதி மைதானத்தில் இவர்கள் அணி மட்டை பிடிக்க இறங்கியது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் கெட்டது. எதிரணியில் ஒரு வேகப்பந்துக்காரன் இருந்தான். பனைமர உயரம். அவன் போட்ட பந்து தொடக்க ஆட்டக்காரர் ஒருவரின் விரலை உடைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அந்தச் சத்தம் பெவிலியன் வரைக்கும் கேட்டது. அடுத்து வந்தவர் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். அன்றைய ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. அடுத்து இறங்கவேண்டியவர் கேப்டன் வரத்.

அவர் எழுந்திருக்கவில்லை. சம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பத், நீ போடா. நைட் வாட்ச்மேன்."

கிரிக்கெட்டில் இது பழைய வழக்கம். இருட்டப்போகும் நேரத்தில் நல்ல ஆட்டக்காரரை இழக்காமலிருக்க, போனாலும் பரவாயில்லை என்று ஒருவனை முன்னால் தள்ளிவிடுவார்கள். போனாலும் பரவாயில்லை என்பவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

"சரிண்ணா," என்றான் சம்பத். அவசர அவசரமாகக் காலில் பேடைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தான். அது புருவத்தைத் தாண்டி இறங்கியது.

வாரை இழுத்து இறுக்கினான். தாடை இறுகியதே தவிர, மேலே லொடலொடவென்று ஆடியது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். முதல் மேட்சிலேயே ஹெல்மெட் பெரிசு என்று நின்றால் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்துவிடுவார்கள். அப்புறம் நேராகச் சத்தியவேட்டு பஸ்தான். வாயை மூடிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தான்.

முதல் பந்து கண்ணில் படவே இல்லை. கீப்பர் கையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. அடுத்த பந்து எகிறி முகத்துக்கு வந்தது. தலையைத் திருப்பினான். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் அதன் உள்பக்கச் சுவர் மட்டும் இருந்தது. அந்த இருட்டுக்குள் மடாரென்று இடி விழுந்தது. செத்தோம் என்றே நினைத்தான்.

உரசல்தான். ஆனால் ஹெல்மெட்டில் பந்து பட்டால் பிசியோ வந்து பார்த்தே தீரவேண்டும். ஓடிவந்தவர் அவனிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஹெல்மெட்டை இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். அது ஒரு சுற்றுச் சுற்றியது.

"இதப் போட்டுக்கினா நின்னுக்கினு இருந்தே?"

"மொட்டை போட்டுக்கினு வந்தேன் சார். யோசிக்கல," என்றான் சம்பத்.

உள்ளேயிருந்து ஒவ்வொரு ஹெல்மெட்டாக வந்தது. எல்லாமே பெரிசு. ஒன்று மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. அது கேப்டனுடையது. அணியிலேயே சின்னத் தலை வரத்துக்குத்தான். அவர் பக்கத்தில் இல்லாதபோது அதைப்பற்றி ஆசைதீரப் பேசிச் சிரிப்பார்கள்.

பொருத்தமான ஹெல்மெட் வந்தும் பயம் போகவில்லை. எதிர்முனையில் நின்ற மூத்த ஆட்டக்காரர் லக்ஷ்மிநரசிம்மன், "ஒண்ணும் ஆகாது, பந்த மட்டும் பாரு," என்று தைரியம் சொன்னார். எப்படியோ அந்த ஓவரைத் தள்ளினான். அடுத்த ஓவரின் கடைசிப் பந்தில், தைரியம் சொன்னவரே எல்பிடபிள்யூ ஆகிப் போய்விட்டார்.

இப்போது கேப்டன் வந்தே ஆகவேண்டும். வந்தார். தலையில் சம்பத்தின் ஹெல்மெட். உள்ளே துண்டை மடித்து வைத்திருந்தார்.

சம்பத் அவசரமாக வாரைக் கழற்றப் போனான். "இந்தாங்கண்ணா, உங்களுது."

"உன்கிட்டயே இருக்கட்டும். நீதானே ஃபேஸ் பண்ணப்போற."

அன்றைக்கு அதுதான் கடைசி ஓவர். போடுவது அந்தப் பனைமரம். ஒரே ஒரு ரன் ஓடிவிட்டால் தான் தப்பித்துவிடலாம் என்று சம்பத்துக்குத் தோன்றியது. தான் தப்பித்தால் கேப்டன் மாட்டிக்கொள்வார் என்பதும் தோன்றியது. ஆனால் முதலில் தோன்றியது தன் உயிர்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இரண்டு பந்து மட்டையில் படாமல் போயின. மூன்றாவது கையுறையில் பட்டு, ஆளில்லாத பக்கமாக உருண்டது. "வா!" என்று கத்திக்கொண்டே வரத் ஓடிவந்தார். சம்பத்தின் கால்கள் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. அப்போதுதான் எதிரே பார்த்தான். ஓடின குலுக்கலில் ஹெல்மெட் கேப்டனின் கண்ணை மூடியிருந்தது. ஒரு கையால் அதை மேலே தூக்கிப் பிடித்தபடி, வழி தெரியாமல் ஓடிவந்துகொண்டிருந்தார்.

"வேணாண்ணா! திரும்புங்க! போங்க!"

வரத் திரும்பிப் பாய்ந்து மண்ணில் விழுந்தார். மயிரிழையில் ரன் அவுட்டிலிருந்து தப்பினார். சம்பத் தன் இடத்துக்கு வந்து நின்றான். அடுத்த பந்து விலாவில் இறங்கியது. அதற்கடுத்தது முழங்கையில். கடைசிப் பந்தை எப்படி ஆடினான் என்று அவனுக்கே தெரியாது. அன்றைய ஆட்டம் முடிந்து அம்பயர் பெயில்ஸை எடுத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

உள்ளே கோச் கோவர்த்தனன் காத்திருந்தார்.

"ஏமிரா சம்பத்! கண்ண மூடிக்கினு எடுக்கற ரன்னு அது. கேப்டன ரன் அவுட் பண்ணப் பாத்தியே! ஏன்டா ஓடல?"

சம்பத் ஓரக்கண்ணால் வரத்தைப் பார்த்தான். அவர் பேடைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்டேன் சார்," என்றான்.

அறை முழுக்கச் சிரித்தது. யாரோ அவன் மொட்டையில் செல்லமாகத் தட்டினார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். விலா வலித்தது.

"சிரிக்காதீங்கோ," என்றார் வரத். குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். "அவன் ஓடி வந்திருந்தா அந்தப் பந்தெல்லாம் என் தலைக்கு வந்திருக்கும். பயந்தது நான். அவன நைட் வாட்ச்மேனா அனுப்பினதே அதனாலதான்."