நானாவின் திருக்கரத்தால் ரிமோட் நிரலாக்கம்

ஹானரபிள் ஒஃபோசு-அப்பியா மாவட்ட மன்றத்தில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவர். பதவி போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பட்டம் மட்டும் போகவில்லை. எங்கள் அமன்ஃப்ரோசோவில் கோழி களவு போனாலும் அவர் அறிக்கை விடுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் கோழியைப் பறிகொடுத்தவரையே உட்காரவைத்துப் படித்துக் காட்டுவார்.

இப்போது அவருக்கு ஊர் முன்னேற்றக் குழுவின் தலைவராக வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்கள் பதினொரு பேர். எதிர்த்து நிற்பது மேடம் டுஃபியே, ஓய்வு பெற்ற மருத்துவச்சி. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவளோடு மோத வெறும் வாய் போதாது என்பது ஹானரபிளுக்கே விளங்கியது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஊர்க் கூடத்துக்கு அறுபத்தைந்து அங்குல டிவி ஒன்றை அன்பளிப்பாக அறிவித்தார்.

"ஜெர்மனில ஃபேக்டரி வாசல்ல நின்னு வாங்கின புத்தம் புதுசு" என்று ஒலிபெருக்கி வைத்த வேன் மூன்று நாள் கத்தியது. அவருடைய மைத்துனன் அனுப்பும் கன்டெய்னரில் என்ன வரும் என்று ஊருக்குத் தெரியாதா? யாரோ படுத்து எழுந்த மெத்தை, யாரோ பாலைக் கொட்டிய ஃபிரிட்ஜ், ஒரு கால் ஒடிந்த நாற்காலி. ஆனாலும் ஓசியில் வரும் டிவியை யாரும் குறை சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு தேசிய அணியின் ஆட்டம் வேறு இருந்தது.

டிவியோடு ரிமோட் வரவில்லை. ஆகவே லாரி நிலையத்தில் குடைக்குக் கீழே ரிமோட் விற்கும் சின்டிமை வீட்டுக்கு வரவழைத்தார். சின்டிம் எல்லா டிவிக்கும் பொருந்தும் ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்து, அதோடு வரும் மடிப்புத் தாளில் எறும்பு எழுத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். நாலாவது எண்ணுக்கு டிவி விழித்துக்கொண்டது. விழித்ததைப் பார்த்ததும் சின்டிமின் முகம் சுருங்கியது.

"ஹானரபிள், இது ஓட்டல் டிவி."

"எந்த ஓட்டல்?"

"எதுவோ. ரூம்ல தங்கறவன் நோண்டிக் கெடுத்துடக் கூடாதுன்னு பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். எப்பப் போட்டாலும் அவன் வரவேற்புதான் முதல்ல வரும். சேனல் தேடாது. சத்தம் எட்டுக்கு மேல ஏறாது."

"பூட்டைத் திறந்துடு."

"அந்த வேலைக்கு ரிமோட்ல பட்டனே கிடையாது. நாமதான் சும்மா கிடக்கற ஒரு பட்டனுக்கு அதைச் சொல்லிக் குடுக்கணும். 'செட்'டை அமுக்கிப் பிடிச்சா விளக்கு எரியும். உடனே அஞ்சு நம்பர் போடணும், அப்புறம் அந்தப் பட்டனைத் தொடணும். எட்டு செகண்டுக்குமேல சும்மா விட்டா விளக்கு அணைஞ்சிடும், திரும்ப முதல்லேருந்து. ரிமோட்டை நிரலாக்கறதுன்னு பேரு. ஒரு நிமிஷம். பண்ணிடட்டுமா?"

'நிரலாக்கம்' என்ற சொல் ஹானரபிளின் வாயில் கற்கண்டாய் உருண்டது. அதை நாலு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, "தொடாதே" என்றார்.

மறுநாள் அச்சாகி வந்த விழாத் தாளில் ஒன்பதாம் நிகழ்ச்சி இப்படி இருந்தது: 'நானாவின் திருக்கரத்தால் ரிமோட் நிரலாக்கம்.' நானா என்றால் எங்கள் ஊரின் பரம்பரைத் தலைவர். டிவி விழாக்களுக்கான வண்ணக் கென்டே துணியால் மூடியிருக்கும், நானா நிரலாக்குவார், சின்டிம் துணிக்குள் தலையை விட்டுப் பூட்டைத் திறப்பான், பிறகே துணி விலகும். ஓட்டல் வெளியே தெரியாது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, நானாவிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது என்பதைத் தவிர.

அதற்கென்று ஒருவர் இருக்கிறார், ஒச்சாமே. பிடியில் தங்கப் பூச்சுப் பூசிய கோலோடு நானாவின் பக்கத்தில் நிற்பவர். நாம் சொல்வதை அவர் வாங்கி, அழகுபடுத்தி, நானாவின் காதில் சேர்ப்பார். எங்கள் ஒச்சாமே பாஃபோவுக்கு அழகுபடுத்தும் வியாதி முற்றிய நிலை. "மழை வருது" என்றால் அவர் சொல்லி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

சனிக்கிழமை எட்டு நிகழ்ச்சிகள் முடியவே மூன்றே முக்கால் ஆகிவிட்டது. பாதிரியார் ஜெபித்தார், நானாவின் ஆள் ஷ்னாப்ஸ் மதுவைத் தரையில் ஊற்றி முன்னோரைக் கூப்பிட்டார், ஹானரபிள் தம்மைப் பற்றித் தாமே நாற்பது நிமிடம் பேசினார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் நெளிந்தது. முன்வரிசையில் குழுவின் பதினொரு பேரும் இறைச்சிப் பூரணம் வைத்த மீட் பையும் மால்ட் பானமுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தக்காளிக்காரிகளின் தலைவி மாமே செவா.

ரிமோட் வெல்வெட் மெத்தையில் வந்தது. நானா வாங்கி, 'செட்'டை அமுக்கினார். விளக்கு எரிந்தது.

"ஒச்சாமே, நானா காதுல போடுங்க, பூஜ்யம்" என்றான் சின்டிம்.

ஒச்சாமே கோலைத் தரையில் தட்டினார். "நானா! ஏழு ஆறுகளைத் தாண்டி வந்த குலத்தின் கொழுந்தே! தொடக்கமும் இல்லாத, முடிவும் இல்லாத, முழுநிலாவைப் போல் வயிறு நிறைந்த ஒரு வட்டம் உங்கள் விரலுக்காகக் காத்திருப்பதாக இந்தச் சிறுவன் சொல்கிறான்."

விளக்கு அணைந்துவிட்டது.

"மறுபடியும் முதல்லேருந்து" என்றான் சின்டிம்.

இரண்டாம் முறை ஒச்சாமே சுருக்கினார், அதாவது ஆறுகளை நாலாகக் குறைத்தார். நானா பூஜ்யத்தை அழுத்தினார். கைதட்டல். அடுத்த எண்ணும் பூஜ்யம். ஒச்சாமே யோசனையில் ஆழ்ந்தார். ஒரே புகழ்ச்சியை நானாவுக்கு இரண்டு தரம் பரிமாறுவதா? எச்சில் தட்டில் சோறு போட்ட மாதிரி ஆகாதா? அவர் புதிய வட்டம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கையில் விளக்கு அணைந்தது.

"ஒச்சாமே, ஆத்தையெல்லாம் நாளைக்குத் தாண்டிக்கலாம், நம்பரைச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

"ஹானரபிள், ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது" என்றாள் மாமே செவா. "உங்க ஒன்பதை விட்டுட்டு நேரா பத்துக்குப் போங்களேன்."

"பத்து என் நன்றியுரை" என்றார் ஹானரபிள்.

"அப்ப ஒன்பதுலயே இருங்க."

சின்டிம் ஹானரபிளின் காதோரம் கெஞ்சினான். "நான் நாலு நம்பர் போட்டுத் தர்றேன், நானா கடைசி ஒண்ணை மட்டும் தொடட்டும்."

"திருக்கரத்தால்னு அச்சடிச்சிருக்கேன்டா."

"அப்ப அஞ்சு நம்பரையும் சேத்து ஒரே மூச்சுல சொல்லச் சொல்லுங்க."

அதைக் கேட்டு ஒச்சாமே சீறினார். "நானாவின் காது என்ன, சாக்கு மூட்டையா? அஞ்சையும் ஒண்ணாப் போட்டு அமுக்க?"

ஐந்தாம் முறையும் விளக்கு அணைந்தது. நானா கொட்டாவியைத் தம் மேல்துணியின் மடிப்புக்குள் விட்டார். தெருவில் இருந்த மதுக்கடையின் சின்ன டிவியில் தேசிய கீதம் கேட்டது. பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முன்வரிசையில் இரண்டு பேர் பாதி தின்ற மீட் பையோடு எழுந்தார்கள். அந்த இரண்டும் இரண்டு ஓட்டு.

ஹானரபிளுக்குப் பொறுக்கவில்லை. வலக்கையில் மைக் இருந்தது. ஆகவே இடக்கையை நீட்டி, நானாவின் மடியிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினார்.

இடக்கையால். பெற்ற தாய்க்கே இடக்கையால் உப்புக்கூட நீட்டமாட்டோம்.

இம்முறை ஒச்சாமே அழகுபடுத்தவில்லை. "அபராதம் ஒரு ஆடு. ரெண்டு பாட்டில் ஷ்னாப்ஸ்."

"தர்றேன், தர்றேன்!" என்று மைக்கிலேயே கத்தினார் ஹானரபிள். "சின்டிம், நம்பரைச் சொல்லு!"

சின்டிம் சொல்லச் சொல்ல அழுத்தினார். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, ஆறு, மூன்று. "இப்ப அந்த நீலப் பட்டனைத் தொடுங்க, சும்மா கிடக்கறது" என்றான் சின்டிம். ஆனால் பெரிய மனிதர்கள் சின்னப் பட்டனைத் தொடுவதில்லை. ரிமோட்டிலேயே பெரிதாக, சிவப்பாக, உச்சியில் உட்கார்ந்திருந்த பட்டனை ஹானரபிள் கட்டைவிரலால் நசுக்கினார். விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. ஏற்றுக்கொண்டுவிட்டது.

அது டிவியைப் போட்டு அணைக்கும் பட்டன். இனி அது போடாது, அணைக்காது. பூட்டை மட்டும் திறக்கும், அதுவும் டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்.

"நிரலாக்கம் முடிந்தது!" ஹானரபிள் கையை உயர்த்தினார். "துணியை எடுங்க!"

"இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று சின்டிம் பதறுவதற்குள் துணி விழுந்தது. ஹானரபிள் சிவப்பை அழுத்தினார். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அவரேதான்.

வேறு வழியில்லாமல் சின்டிம் டிவியின் பின்னால் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டான். திரை நீலமாயிற்று. வெள்ளைத் தலையணைகள் அடுக்கிய ஒரு கட்டில். மேலே ஜெர்மன் எழுத்துகள் நாலு வரி. நடுவில் 412 என்ற எண்.

"என்ன எழுதியிருக்கு ஹானரபிள்?" என்றாள் மாமே செவா.

"ஃபேக்டரி முதலாளி அமன்ஃப்ரோசோ மக்களுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கார்" என்றார் ஹானரபிள், இமை கொட்டாமல். "நானூத்திப் பன்னெண்டுங்கறது மாடல் நம்பர்."

"அந்தக் கட்டில்?"

"உங்களுக்கு ஓய்வு தேவைன்னு குறிப்பு."

நானா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் ஆவதற்கு முன் அவர் பத்தொன்பது வருடம் ஹாம்பர்க்கில் டாக்சி ஓட்டியவர். ஜெர்மன் மொழியில் திட்டவும் திட்டு வாங்கவும் கற்றவர். ஊருக்கே தெரிந்த விஷயம். தம் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு மட்டும் அது ஞாபகம் வரவில்லை. நானா ஒச்சாமேவின் காதருகே குனிந்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது.

ஒச்சாமே கோலைத் தட்டினார். ஒரு நதியைக்கூடக் கூப்பிடவில்லை. இதற்குமேல் அழகுபடுத்த எதுவும் இல்லை என்று கண்டுகொண்டார் போலும்.

"நானா சொல்றார்: வாங்க திரு பிரிங்க்மான். உங்க அறை நானூத்திப் பன்னெண்டு. காலைச் சாப்பாடு ஆறரையிலிருந்து பத்து வரைக்கும். நீச்சல் குளத்துக்குத் துண்டு வேணும்னா கீழ கேளுங்க."

சிரிப்புச் சத்தத்தில் மதுக்கடைக்குப் போனவர்களே திரும்பி ஓடிவந்தார்கள். "திரு பிரிங்க்மான், துண்டு எங்க?" என்றாள் மாமே செவா. ஹானரபிளுக்கு மைக்கை அணைக்கத் தெரியவில்லை. அவர் மூச்சிரைப்பது ஊர் முழுக்கக் கேட்டது. சின்டிம் ரிமோட்டை அவர் கையிலிருந்து மெதுவாக உருவி, சிவப்பை அழுத்தி, வந்த பட்டியலில் ஓட்டல் பூட்டைத் திறந்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்டத்தின் பத்தொன்பதாம் நிமிடம் திரையில் வந்து விழுந்தது.

அன்று மாலையிலிருந்து அவர் பெயர் நானூற்றுப் பன்னிரண்டு. சோளமாவுக் கென்கே விற்பவள் அப்படித்தான் கூப்பிட்டாள், பள்ளிப் பிள்ளைகள் சுவரில் கரியால் எழுதினார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் மேல் வழக்குப் போடுவதாக ஹானரபிள் வேனில் அறிவித்தார். வேன்காரன் அறிவிப்பைப் படிக்கும்போதே சிரித்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை வாக்குப்பதிவு. நடத்த வந்தவர் பள்ளித் தலைமையாசிரியர். பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பதினொரு சீட்டையும் விரித்தார். மேடம் டுஃபியே, ஐந்து. ஒஃபோசு-அப்பியா, இரண்டு. மீதி நாலு சீட்டில் '412' என்று மட்டும் இருந்தது. ஒருவர் பக்கத்தில் தலையணை வேறு வரைந்திருந்தார்.

கூடம் அதிர்ந்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. குழுவின் சட்டத் தாளைப் புரட்டினார்.

"ஒரு ஆளை ஊர் எந்தப் பேர்ல கூப்பிடுதோ, அந்தப் பேர்ல விழுந்த ஓட்டு செல்லும். ஆனா அந்த ஆள் அது தான்தான்னு ஒத்துக்கணும்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த நானூத்திப் பன்னெண்டு யாரு?"

சிரிப்பு சட்டென்று நின்றது. மாமே செவா எழுந்தாள். "ஐயா, அது விளையாட்டுக்கு எழுதினது!"

"யார் எழுதினதுன்னு வெளியே சொல்லக் கூடாது. உட்காருங்க மாமே."

"வழக்குப் போடுவேன்னு சொன்னவர் அவர்! அவருக்கு ரோஷம் இருக்கும், ஒத்துக்கமாட்டார், பாருங்க" என்றாள் மாமே செவா பக்கத்தில் இருந்தவர்களிடம்.

ஹானரபிள் எழுந்தார். துணியைத் தோளில் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார், நாற்பது நிமிடம் பேசப் போகிறவரைப் போல.

"நான்தான்."

"பதிவுல வரணும். முழுசாச் சொல்லுங்க."

"நானூத்திப் பன்னெண்டு நான்தான்."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினார். எண்ணிலும் எழுத்திலும், கீழே கோடு போட்டு. ஆறுக்கு ஐந்து. மேடம் டுஃபியே தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

புதுத் தலைவர் அறிவிக்கப்பட்டதும் உறுப்பினர்கள் எழுந்து கைதட்டுவது குழுவின் விதி. கிண்டல் செய்த நாலு பேரும் எழுந்து கைதட்டினார்கள்.